நீ நீட்டிச் சொன்ன பாஸ்

மகன்,

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில், உன் வருங்கால மாமனார் வீட்டு லிப்ட் வாசலில் வைத்து நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, கலியாணத்துக்குப் பிறகு நாங்க எங்க இருக்கிறது? இங்கயா, கொட்டாஞ்சேனையிலயா? நீங்களே சொல்லுங்கோ." நான் "பாஸ்" என்று சொல்லிவிட்டு லிப்டுக்குள் புகுந்து, கதவை மூடுகிற பட்டனை விடாமல் அமத்திக்கொண்டிருந்தேன். "அது பட்டன், உங்கட சம்பந்தியில்ல. மெதுவா அமத்துங்க" என்று உன் அம்மா சொன்னாள். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் இதுதான். எல்லோரும் வாசிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உனக்குத் தனியாக எதை அனுப்பினாலும் கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வருகிறது. ஊர் வாசித்தால் நாலு பேர் உன்னை மறித்து, "என்ன தம்பி, அப்பா உங்களைப் பற்றி எழுதியிருக்கிறாராமே?" என்று கேட்பார்கள். அப்போதாவது முழுதாக வாசிப்பாய்.

முதலில் அந்த "சொல்லுங்கோ"வைப் பற்றிப் பேச வேண்டும். நீ பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. நம் வீட்டில் "சொல்லுங்க, வாங்க, இருங்க" என்றுதான் பேச்சு. நீ கட்டப்போகிற அனுஜாவைப் பார்க்க வெள்ளவத்தைக்குப் போகத் தொடங்கிய பிறகு உன் வாயில் ஒரு "ங்கோ" முளைத்துவிட்டது. முதலில் அவளுடன் போனில் பேசும்போது மட்டும் வந்தது. பிறகு சோற்று மேசைக்கு வந்தது. போன மாதம் நம் தெருவில் ஓட்டோக்காரரிடம் "கொஞ்சம் நில்லுங்கோ" என்றாய். அவர் சிங்களவர், அவருக்கு ஒன்றும் படவில்லை. எனக்குப் பட்டது. பிள்ளை வீட்டை விட்டுப் போவதற்கு முன்பே அவன் வாய் போய்விடுகிறது என்பதை அன்றுதான் கண்டேன்.

ஓம், எனக்குப் பொறாமைதான். அதை வேறு நல்ல பெயர் சொல்லி அழைக்க நான் தயாரில்லை. உன் அம்மா அதைப் "பாசம்" என்கிறாள். பாசமும் பொறாமையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான், ஆனால் விருந்தாளி வந்தால் ஒன்றை முன்னுக்கு விடுவார்கள், மற்றதை அறைக்குள் வைத்துப் பூட்டுவார்கள். நான் அந்த மற்றதின் கையைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

இனி அந்தச் சொல். இங்கிலீஷ்காரன் நான்கு எழுத்துச் செலவழித்த "பாஸ்" என்ற சொல்லை நாம் இரண்டே எழுத்தில் முடித்துவிட்டு, மிச்சம் பிடித்ததை எல்லாம் அர்த்தத்தில் போட்டுவிட்டோம். சோதனையில் பாஸ். பந்தைப் பாஸ் பண்ணு, பருப்பைப் பாஸ் பண்ணு. மாநகர சபையில் வீட்டுப் பிளான் பாஸ் ஆகவில்லை. வயரில் கரண்ட் பாஸ் ஆகிறது, தொடாதே. வேலை வெட்டி இல்லாதவனுக்கு டைம் பாஸ். பதினாலு வயதில் இந்தச் சொல்லால் நான் வாங்கிய அடி ஒன்றும் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் ஓர் அன்ரி இருந்தார், அழுவதென்றாலும் இங்கிலீஷில்தான் அழுவார். அவருடைய மாமனார் இறந்துபோன அன்று வாசலுக்கு வந்து, "டடா பாஸ்ட்" என்று விக்கினார். நான் துக்க முகத்தோடு, "எத்தனை மார்க்ஸ், அன்ரி?" என்று கேட்டேன். என் அப்பா அந்த இடத்திலேயே என் காதைத் திருகினார். அந்தப் பதினாலு வயதுக்காரன் இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறான். மயிர்தான் கொட்டிவிட்டது.

பிறகு துறைமுகம். கழுத்தில் பாஸைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் நுழைகிற கிளார்க் வேலையை நான் பெரிய மரியாதையாக நினைத்திருந்தேன். நீ சின்னப் பிள்ளையாய் இருந்தபோது, கப்பல் பார்க்க வேண்டும் என்று அழுதாய் என்பதற்காக யார் யாரையோ கெஞ்சி உனக்கும் ஒரு நாள் பாஸ் எடுத்தேன். உள்ளே போய் என் மேசையைக் காட்டினேன். என் ரப்பர் சீலைக் காட்டினேன். உன் உள்ளங்கையிலேயே ஒன்று குத்தியும் விட்டேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். அங்கே பாரந்தூக்கியின் உச்சியில் ஒரு மனுசன் இருந்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என்ன சொன்னாய் தெரியுமா? "அம்மா, அப்பாட ஒஃபிஸ்ல ஒரு மாமா வானத்தில வேலை செய்றார்." அப்பா எங்கே வேலை செய்கிறார் என்று அம்மா கேட்டதற்கு, "கீழ" என்றாய். அந்தப் பாரந்தூக்கிக்காரனைப் பிறகு சாப்பாட்டுக் கடையில் பலமுறை கண்டிருக்கிறேன். நல்ல மனுசன். ஒருநாளும் நான் அவனுக்கு உப்புக் குப்பியை எடுத்துக் கொடுத்ததில்லை.

உன் ஓ.எல். சோதனையின் கணக்குப் பாடமும் அப்படித்தான். அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியது நீயும் நானும்தான், குசினி மேசையில், மா அரிக்கிற அம்மாவுக்குப் பக்கத்தில். ரிசல்ட் வந்த அன்று நீ அறைக்குள் இருந்து கத்தியது சுவரைத் தாண்டிக் கேட்டது: "சேர்! பாஸ், சேர்! உங்களாலதான் சேர்!" போனில் இருந்தது உன் ரியூசன் சேர். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, எனக்கு எப்போது சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ வெளியே வந்து, "அப்பா, ரீலோட் ஒண்டு போடுங்க, போன்ல சல்லி முடிஞ்சிட்டு" என்றாய்.

இதெல்லாம் உன் மாமனார் வருவதற்கு முந்திய காலம். பயிற்சிக் காலம் என்று வைத்துக்கொள். போன வருசம் எனக்குச் சிறுநீரகத்தில் கல் என்று ஆஸ்பத்திரியில் போட்டார்கள். காலையில் தாதி வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பாஸ் வுணாத, அங்கிள்?" என்று, கல் வெளியே போய்விட்டதா என்பதைச் சிங்களத்தில் கேட்பார். "நான் என்ன சோதனையா எழுதினேன், மிஸ்?" என்பேன். அவர் சிரிப்பார். அப்போதுதான் உன் மாமனார் முதன்முதலாக என்னைப் பார்க்க வந்தார். வெறுங்கையோடு வரவில்லை, பார்லித் தண்ணீரைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்தார். "அண்ணை, இதைக் குடியுங்கோ, நாளைக்குக் கல்லுப் போயிடும்" என்றார். சொன்ன மாதிரியே போனது. அதைக்கூட மன்னித்துவிடுவேன். ஆனால் நீ வார்டு வாசலில் நின்று போனில், "மாமா, பாஸ் ஆகிட்டுதாம்! உங்கட பார்லிதான்!" என்று சொன்னதை நான் கட்டிலில் படுத்தபடி கேட்டேன். என் உடம்பில் விளைந்த கல், மகன். அதற்கான பாராட்டும் வெள்ளவத்தைக்குப் போய்விட்டது.

நான் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த பாஸ் ஒன்றே ஒன்று. அது காட்ஸ் மேசையில் இருந்தது.

இதை வாசிக்கிறவர்களில் முந்நூற்று நாலு விளையாடாதவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு பேர் விளையாட்டு. எதிரெதிரே இருக்கிற இரண்டு பேர் கூட்டாளிகள். முதலில் ஆளுக்கு நாலு சீட்டு வரும். அதைப் பார்த்து, எத்தனை புள்ளி எடுப்போம் என்று துணிந்து கேட்க வேண்டும். துணிவில்லாதவர் "பாஸ்" என்று ஒதுங்கலாம். இந்த விளையாட்டில் ராஜாவும் ராணியும் சும்மா உடுப்புப் போட்டவர்கள். பெரியவன் ஜாக். அவனுக்கு அடுத்தவன் ஒன்பது. கூட்டாளிக்கு உன் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடாது. கண் காட்டக்கூடாது. வாயில் வரக்கூடியது கேள்வியும் பாஸும் மட்டும்.

நாம் அந்தப் பாஸுக்குள்தான் வீடு கட்டினோம். ஞாயிறு பூசை முடிந்து, சாப்பிட்டு, அம்மாவும் சித்தப்பாவும் ஒரு பக்கம், நீயும் நானும் ஒரு பக்கம். உனக்கு மீசை அரும்பாத வயதிலேயே நான் சொல்லித் தந்த கள்ளம் அது. வெட்டிச் சொன்ன "பாஸ்" என்றால் கையில் குப்பை. "பா"வை நீட்டினால் சிவப்பு ஜாக் ஒன்று இருக்கிறது. "ஸ்"ஸை நீட்டினால் கறுப்பு ஜாக். முன்னால் ஒரு "ம்ம்" போட்டால் ஒன்பது. நீ என்னைவிட நன்றாகச் சொல்வாய். "பா…ஸ்" என்று நீ கொட்டாவி விடுகிற மாதிரி இழுக்கும்போது சித்தப்பா, "பாவம் பெடியன், நித்திரை தூங்குறான்" என்பார். நான் உடனே ஏற்றிக் கேட்பேன். அம்மாவுக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. "ஒரு பாஸுக்கு இவ்வளவு ராகமா? கோயில்ல பாடச் சொன்னா ரெண்டு பேரும் வாயைத் திறக்கிறதில்ல" என்பாள். நாம் இருவரும் சீட்டால் முகத்தை மூடிக்கொள்வோம். உலகத்தில் அந்த மொழி தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான், மற்றவன் எனக்கு எதிரே இருந்தான்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கலியாண விசயம் பேசிச் சாப்பிட என்று போனோம். அந்த வீட்டில் எல்லாம் எனக்குக் குத்தியது. லிப்ட் குத்தியது. அந்தப் பக்கத்து ஜன்னலில் தெரிந்த ஒரு துண்டுக் கடல் குத்தியது. நம் பக்கத்திலும் கடல் இருக்கிறது, ஆனால் அதைக் கொள்கலன்களால் மறைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு மாடி கீழே அனுஜாவின் பெயரில் இருக்கிற வீட்டைத் திறந்து காட்டினார்கள். பெண்ணுக்கு வீடு கொடுப்பதும், அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை குடிபோவதும் நம் ஆட்களுக்குப் புதிதில்லை. சீதனம் என்று நான் வாய் தவறிச் சொன்னதும் உன் மாமனாருக்கு முகம் மாறியது. "சீதனம் எண்டு சொல்லாதேங்கோ அண்ணை. அது பிள்ளையின்ர வீடு. விரும்பினா இருக்கட்டும், விரும்பாட்டி வாடகைக்கு விடட்டும்." மரியாதையான பதில். மரியாதையான ஆளைப் பார்த்துப் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. ஒரு குறையாவது வைத்திருக்கக்கூடாதா மனுசன்?

சாப்பாட்டு மேசையில் பேச்சு எப்படியோ பாஸில் வந்து நின்றது. நான் என் துறைமுகப் பாஸைப் பற்றி, அதைத் தொலைத்துவிட்டு மீன் சந்தைப் பையின் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் உள்ளே போய்வந்த கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எனக்குக் கொஞ்சம் ஆறியது. பிறகு அவர் மெதுவாக, "எங்கட பாஸ் வேற மாதிரி, அண்ணை" என்று தொடங்கினார். யுத்தம் நடந்த அந்த நாட்களில், வடக்கிலிருந்து வருகிறவர்கள் வவுனியாவில் ஆமி தருகிற பாஸ் கிடைக்காமல் கொழும்புக்கு வர முடியாது. புதிதாகக் கலியாணம் கட்டிய மனைவியோடு அவர் அங்கே நின்றது, காலையில் வரிசையில் நிற்பது, பின்னேரம் "நாளைக்கு வா" என்று திருப்பி விடுவது, கிடைத்த பாஸில் நாள் முடிந்து மறுபடி வரிசையில் போய் நின்றது. பெரிதாக அலங்கரிக்காமல் சொன்னார். நீ கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாய். என் சொந்தச் சொல்லில் என்னைவிடப் பெரிய கதை ஒன்று அவரிடம் இருந்தது. அந்தத் துன்பத்தைக் கேட்டு இரங்க வேண்டிய இடத்தில், என் மகன் வாய் திறந்து அவரைப் பார்க்கிறானே என்று இருந்தேன் நான். இதைவிடக் கீழே ஒரு மனுசன் இறங்க முடியாது. இறங்கினேன், அதுவும் லிப்ட் இல்லாமல்.

பிறகுதான் அவர் காட்ஸ் கட்டை எடுத்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டு, எனக்கு எதிர்க் கதிரையை உனக்காகக் காலால் தள்ளி வைத்தேன். அவர், "மருமகன் என்ர பக்கம்!" என்றார். நீ போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தாய். ஒரு நொடி என்னைப் பார்த்தாய், ஆனால் உட்கார்ந்துவிட்டாய். எனக்கு எதிரே அனுஜா வந்தாள். "மாமா, என்னை நம்பி விளையாடலாம், பயப்பிடாதேங்கோ" என்றாள். நான் சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டும் சிரிக்கலாம்.

முதலாவது கையிலேயே நீ சொன்னாய்: "பா…ஸ்." நம் பாஸ். கொட்டாஞ்சேனைப் பாஸ். உடனே உன் மாமனார், "நூற்றெண்பது!" என்று கேட்டார், வென்றார். அடுத்த கையிலும் நீ நீட்டினாய், அவர் ஏற்றிக் கேட்டார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொல்லிக் கொடுத்துவிட்டாய்! பார்லிக்குப் பதிலாக என் பாஸை ஊற்றிக் கொடுத்துவிட்டாய்! அதன் பிறகு வந்தது அந்தக் கை. நீ "பாஸ்ஸ்ஸ்" என்று பாம்பு மாதிரிச் சீறினாய். பழைய கணக்குப்படி, உன்னிடம் கறுப்பு ஜாக். கறுப்பில் கிளாவர் ஜாக் என் கையில் இருந்தது. ஆகவே உன்னிடம் இருந்தது ஸ்பேட்ஸ் ஜாக், வேறு வழியில்லை. என்னிடம் ஸ்பேட்ஸ் ஒன்பதும் இருந்தது. உன் ஜாக் விழும்வரை அதைப் பொத்தி வைத்திருந்தால் பிறகு அதுதான் பெரியவன்.

ஆனால் பொறாமை பிடித்தவனுக்கு மூளை கூடுதலாக வேலை செய்யும். நான் இப்படி யோசித்தேன்: 'என் முன்னால், எனக்குத் தெரிந்த அர்த்தத்தில், இவன் துணிந்து சொல்வானா? சொல்லமாட்டான். மாமனும் மருமகனும் சேர்ந்து அர்த்தத்தைத் தலைகீழாக்கிவிட்டார்கள். இப்போது நீட்டினால் கையில் ஒன்றும் இல்லை என்று பொருள்.' என் புத்திசாலித்தனத்தில் நானே மயங்கி, ஸ்பேட்ஸ் ஒன்பதை மேசையில் ஓங்கி அடித்தேன். நீ என் முகத்தையே பார்த்தாய். "அப்பா…" என்று ஏதோ சொல்ல வந்தாய். பிறகு ஸ்பேட்ஸ் ஜாக்கை மெதுவாக அதன் மேல் வைத்தாய்.

அந்த வீட்டில் தோற்றவர்களுக்குக் காதில் உடுப்புக் கிளிப் மாட்டுவார்களாம். அனுஜாவுக்குப் பச்சை, எனக்கு மஞ்சள். உன் மாமனார் படம் எடுத்தார். அந்தக் காதோடுதான் லிப்ட் வாசலில் நின்றேன், அந்தக் காதில்தான் உன் கேள்வி விழுந்தது. "பாஸ்" என்று வெட்டிச் சொன்னேன். கையில் ஒன்றும் இல்லை என்பது போல. பச்சைப் பொய். கொட்டாஞ்சேனை மேல் அறைக்கு நான் ஏற்கெனவே பெயின்ட் அடித்துவிட்டேன். நீலம். உனக்குப் பிடித்த நீலம்.

புதன்கிழமை அனுஜா நம் வீட்டுக்கு வந்தாள், அம்மாவைச் சட்டை தைக்கக் கூட்டிப் போக. அம்மா சீலை உடுத்திக்கொண்டிருந்த நேரத்தில் முன் அறையில் என்னோடு இருந்தாள். "மாமா, ஒண்டு கேக்கட்டா? அண்டைக்கு ஏன் அந்த ஒன்பதைப் போட்டனீங்கள்?" என்றாள்.

"கைதவறிப் போச்சு, மகள்."

"இல்ல மாமா. அவர் உங்களுக்குச் சொன்னவர்தானே, ஸ்பேட்ஸ் ஜாக் தன்னட்ட இருக்கெண்டு."

"என்ன சொன்னவன்?"

"பாவை இழுத்தா சிவப்பு, ஸ்ஸை இழுத்தா கறுப்பு. மூண்டாவது கையிலயே பிடிச்சிட்டன். உங்களுக்கு எதிரில இருந்தனான், உங்கட காது ஒவ்வொருக்காலும் துடிக்குது மாமா."

நான் பல வருசமாக உன் சித்தப்பாவிடம் ஒளித்து வைத்ததை அந்தப் பிள்ளை மூன்று கையில் உடைத்துவிட்டாள். சரி, அது போகட்டும். "எனக்கா சொன்னவன்? உங்கட அப்பாவுக்குச் சொன்னவன்! அதுதானே அவர் நீட்ட நீட்ட ஏத்திக் கேட்டார்!" என்றேன், குரல் உயர்ந்துவிட்டது.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சீலைக் கொசுவத்தைப் பிடித்தபடி உன் அம்மா எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். "ஐயோ மாமா! அப்பா கையில குப்பை இருந்தாலும் கேப்பார். அவருக்குப் பாஸ் எண்ட சொல்லு வாயில வராது. வவுனியாவில அதைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப் போச்சாம். 'நான் இனி ஒருத்தருக்கும் பாஸ் சொல்லமாட்டன்' எண்டுவார். அவரோட கூட்டாளியா இருந்து நான் எத்தினை நாள் கிளிப் மாட்டியிருக்கிறன் தெரியுமா?" பிறகு சிரிப்பு நின்றது. "இப்ப உங்கட மகனை எதிரில இருத்திப்போட்டு என்னைத் தூக்கிப் போட்டார், பாத்தீங்களா?" என்றாள். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். அது என் குரல்.

உண்மையைச் சொல்கிறேன், மகன். அந்த நிமிடம் எனக்குள் மத்தாப்பு எரிந்தது. அவருக்கு எதிரே இருந்தும் நீ எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய்! ஓடிப்போய் அந்த மனுசனின் லிப்டில் நாலு தரம் ஏறி இறங்க வேண்டும் போல் இருந்தது. அந்தச் சந்தோசம் தேத்தண்ணீர் ஆறுகிற நேரம்கூட நிலைக்கவில்லை, ஏனென்றால் அனுஜா அடுத்ததைச் சொன்னாள்.

"வீட்டு விசயமும் அப்பிடித்தான் மாமா. எங்கட அப்பா கேட்டா உங்கட மகன், 'அப்பாட்டக் கேட்டுச் சொல்றேன்' எண்டுறார். உங்களிட்ட, 'நீங்களே சொல்லுங்கோ' எண்டுறார். நான் எங்க இருக்க விரும்புறன் எண்டு இன்னும் ஒரு தரமும் கேக்கேல்ல. என்னைத்தான் கட்டுறார். பாஸ் முழுக்க உங்களுக்கு."

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. உன் அம்மா வந்ததும் எழுந்து, சீலையின் பின் மடிப்பைச் சரிசெய்து விட்டாள், இருவரும் போனார்கள். நான் அந்த அறையில் இருந்து, உன்னை அப்படி வளர்த்தவன் யார் என்று யோசித்தேன். அதிக நேரம் யோசிக்கத் தேவைப்படவில்லை.

ஆகவே கேள். இது புத்திமதி, இங்கே மட்டும் நான் பகிடி விடவில்லை. மேசையில் யாருக்கு எதிரே இருக்கிறாயோ அவருக்காக விளையாடு. உன் மாமனாருக்கு எதிரே இருந்துகொண்டு எனக்கு ஜாக் காட்டுவது பாசம் என்று நீ நினைத்திருப்பாய். அது அவரைத் தோற்கடிக்கும், என்னைப் பைத்தியமாக்கும். நான் ஒன்பதைப் போட்டதைப் பார்த்தாய்தானே. கலியாணம் கட்டின பிறகு உனக்கு எதிரே இருக்கப் போகிறவள் அனுஜா. எனக்கும் மாமனாருக்கும் மனம் நோகக்கூடாது என்று நீ இரண்டு பக்கமும் பாஸ் சொல்லிக்கொண்டிருந்தால், உன் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விளையாடப் போகிறவள் அவள் ஒருத்திதான். உன் குரலின் நீளத்தை மூன்று கையில் பிடித்தவள் அவள். நேராகக் கேட்டால் எவ்வளவு சொல்வாள், யோசித்துப் பார். இன்றைக்கே கேள். அவள் வெள்ளவத்தை என்றால் வெள்ளவத்தை. கொட்டாஞ்சேனை என்றால் கொட்டாஞ்சேனை. இரண்டும் வேண்டாம், இரத்மலானையில் ஒரு வாடகை வீடு என்றால் அதுவும் சரி. விமானச் சத்தத்தில் நீங்கள் போடுகிற சண்டையாவது எங்களுக்குக் கேட்காது.

என்னிடம் திரும்பவும் கேட்காதே. கேட்டால் நான் கொட்டாஞ்சேனை என்றுதான் சொல்வேன், காரணமும் சொல்வேன், நல்ல காரணமாகவும் இருக்கும், கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். எனக்கு அந்த வித்தை எல்லாம் தெரியும். நீ போனால் எனக்கு எரியும். எரியட்டும், அது என் நெஞ்சு. நீலப் பெயின்டைப் பற்றி நீ கவலைப்படத் தேவையில்லை, சித்தப்பாவின் காட்ஸ் மேசையை அங்கே தூக்கிப் போடலாம்.

நேற்று நான் உன் மாமனாருக்குப் போன் எடுத்தேன். முதன்முதலாக நானாக எடுத்தேன், அவரும் பயந்துவிட்டார், "என்ன அண்ணை, திரும்பவும் கல்லோ?" என்றார். வருகிற ஞாயிறு நம் வீட்டுக்கு வரச் சொன்னேன். விளையாடும்போது பிள்ளைகள் இருவரும் ஒரு பக்கம், நாங்கள் இரண்டு கிழவர்களும் ஒரு பக்கம் என்றேன். "சரி" என்றார். பிறகு, "உண்மையைச் சொல்லுறன் அண்ணை, பிள்ளை எனக்கு எதிரில இல்லாமல் இருந்தது எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது" என்றார். "தெரியும்" என்றேன். தெரியாது, ஆனால் அந்த நேரத்தில் தெரிந்த மாதிரி இருந்தது. "ஒண்டு மட்டும் அண்ணை, என்னைப் பாஸ் சொல்லச் சொல்லாதேங்கோ" என்றார். "நீங்க பாட்டுக்குக் கேளுங்கோ. பாஸ் சொல்றதுக்கு நான் இருக்கிறேன்" என்றேன். போனை வைத்த பிறகுதான் கவனித்தேன், "கேளுங்கோ" என்று சொல்லியிருக்கிறேன். அம்மா குசினியில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

நீயும் அனுஜாவும் எதிரெதிரே உட்காருங்கள். அவளுக்கு நம் பழைய பாஸ் தெரியும், அதனால் அதைக் கொண்டு வரவேண்டாம், அது என் சொத்து. நீங்கள் இருவரும் புதிதாக ஒன்று உண்டாக்குங்கள், எனக்கு விளங்காத மாதிரி. நான் காது துடிக்கத் துடிக்க உட்கார்ந்து, என் மகன் என்ன சொல்கிறான் என்று தெரியாமல், பொறாமையில் வெந்து, தவறான சீட்டைப் போட வேண்டும். என் எதிரே இருக்கிறவர் கையில் ஒன்றும் இல்லாமல் இருநூறு கேட்டிருப்பார். எப்படியும் நாங்கள் தோற்கத்தான் போகிறோம்.

இப்படிக்கு,
உன் மாமனாரைவிட நன்றாகக் காட்ஸ் விளையாடுகிற,
அவருக்கே இனிக் கூட்டாளியான,
உன் அப்பா